ஆசிரியரின் வாக்கியத்திலிருந்து பள்ளிக்கூடத்தை நீக்கிய மாணவர்

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1952 ஜூன் மாதத் தொடக்கத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் நியூயார்க்குக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 61. முந்தைய ஆண்டுதான் சட்ட அமைச்சர் பதவியை உதறியிருந்தார். அடுத்து வந்த பொதுத்தேர்தலில் தோற்கடிக்கப்பட்டிருந்தார். உடம்பும் சரியில்லை. தான் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஜூன் 5 அன்று அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரவிருந்தது. அந்தப் பயணத்தில் அவர் பார்க்க ஆசைப்பட்டவர் தன்னுடைய பழைய தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி. 92 வயதான டூயி ஜூன் 1 அன்று நியூயார்க்கில் காலமானார். விமானம் ரோமில் இருந்தபோது அவர் இறந்துவிட்டார், பார்க்க முடியாமல் போய்விட்டது என்று அம்பேத்கர் தன் மனைவி சவிதா அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். தன் அறிவு வாழ்க்கை முழுவதற்கும் அவருக்கே கடன்பட்டிருப்பதாக அதில் சொல்கிறார்.

‘முழுவதற்கும்’ என்ற சொல்லில்தான் நான் பல நாள் நின்றுவிட்டேன். யாருக்கும் சும்மா புகழ்மாலை சூட்டுகிறவர் அல்லர் அம்பேத்கர். நாயக வழிபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தவர். அப்படிப்பட்டவர் எதற்காக இவ்வளவு பெரிய சொல்லைப் போடுகிறார்?

அவர் 1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையோடு கொலம்பியாவுக்குப் போனபோது வயது 22. டூயி அப்போது ஐம்பதைத் தாண்டியவர். வெர்மான்ட் மாநிலத்தில் மளிகைக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் கூடிய மாநாட்டில் பேசியவர். வகுப்பில் அவர் பெரிய பேச்சாளர் ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, தனக்குத்தானே யோசிப்பதுபோலப் பேசுவாராம். முதலில் அலுப்பாக இருந்தது, பிறகு குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் ஒரு மனிதர் நம் கண்முன்னே சிந்தித்திருக்கிறார் என்று புரிந்தது என அவரிடம் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் பல பேராசிரியர்கள் முடிந்துபோன பதிலை ஒப்பிப்பார்கள், நாம் எழுதிக்கொள்வோம். நான் முதுகலை சேர்ந்த முதல் நாளில் ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நீ எந்தக் கோட்டா?” என்பது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்த வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. அம்பேத்கரோ, வெளிநாட்டில் கழித்த ஆண்டுகள் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே மனதிலிருந்து துடைத்துவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். 1917இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பியதும் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள், நினைப்பு திரும்பி வந்தது. அது தனிக் கதை.

இப்போது ‘சாதி ஒழிப்பு’ நூலுக்கு வருகிறேன். அதுவும் ஓர் உரைதான், நிகழ்த்தப்படாத உரை. லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அழைத்தது, எழுதி அனுப்பியதைப் படித்துப் பார்த்துப் பயந்து மாநாட்டையே கைவிட்டது. அம்பேத்கர் 1936இல் சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டன. தமிழிலும் குஜராத்தியிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்று 1937 பதிப்பின் முன்னுரையில் அவரே சொல்கிறார். அந்த நூலின் கடைசிப் பகுதியில், தான் மிகவும் கடன்பட்டிருக்கும் ஆசிரியர் என்று டூயியின் பெயரைச் சொல்லி, அவருடைய கருத்தொன்றை எடுத்துவைக்கிறார். எந்தச் சமூகத்திலும் கடந்த காலத்தின் பட்டுப்போன மரங்கள் சேர்ந்துவிடும், இருப்பதையெல்லாம் அடுத்த தலைமுறையின் தலையில் கட்டாமல் நல்ல எதிர்காலத்துக்கு உதவுவதை மட்டும் கொடுப்பதே விழிப்படைந்த சமூகத்தின் பொறுப்பு என்பது அதன் சாரம்.

இந்தக் கருத்து டூயியின் 1916ஆம் ஆண்டு நூலான ‘ஜனநாயகமும் கல்வியும்’ என்பதில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். டூயி அந்த இடத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறார். குப்பையைக் கழித்து நல்லதைப் பொறுக்கிக் கொடுக்கும் வேலையைப் பள்ளிதான் முதன்மையாகச் செய்ய வேண்டும் என்கிறார். அம்பேத்கர் மேற்கோள் காட்டும்போது பள்ளி வருகிற வாக்கியங்களை விட்டுவிடுகிறார்.

ஏன் விட்டார்? அவர் எங்கும் விளக்கவில்லை, இது என் வாசிப்பு. அந்தப் பள்ளியில் அவர் கோணிச்சாக்கின் மேல் உட்கார்ந்து படித்தவர். சாக்கையும் வீட்டிலிருந்தே சுமந்து போக வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தானே தொடக் கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. இப்படிப்பட்ட பள்ளியைப் போய்ச் சாதியைக் கழிக்கும் கருவி என்று எப்படி எழுதுவார்? ஆசிரியர் பள்ளியிடம் கொடுத்த பொறுப்பை மாணவர் பிடுங்கி, சாதி இந்துச் சமூகம் முழுவதன் மீதும் சுமத்துகிறார். உங்கள் சாத்திரங்களில் எது பட்டுப்போன மரம், சொல்லுங்கள் என்று கேட்கிறார். டூயியின் வாக்கியம் டூயி நினைத்துப் பார்த்திராத ஓரிடத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

இன்னொரு எடுத்துக்காட்டு. செடியின் வேர் சவ்வின் வழியாக நீரை உறிஞ்சுவதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், சவ்வூடு பரவல். வெவ்வேறு பிரிவு மக்களுக்கிடையே அனுபவமும் கருத்தும் அப்படிக் கசிந்து கலக்க வேண்டும் என்பதைச் சொல்ல டூயி இந்தச் சொல்லைக் கையாண்டார். கலக்காவிட்டால் இரு தரப்புமே கெட்டுப்போகும் என்பது அவர் கவலை. 1919இல், 27 வயதில், வாக்குரிமை குறித்து விசாரித்த சவுத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் இதே சொல்லோடு போய் நிற்கிறார். ஆனால் கவலைப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவே எதுவும் கசியாத நாட்டில் சாதி இந்துவால் எங்களுக்காகப் பேச முடியாது, எங்கள் பிரதிநிதிகளை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார். வகுப்பறைச் சொல் அரசியல் கோரிக்கை ஆகிவிட்டது.

‘அம்பேத்கர் எல்லாவற்றையும் வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கினார்’ என்று பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேதத்தில் விமானம் இருந்தது என்பவர்களுக்கு இந்தக் கடன் உறுத்துவது வேடிக்கைதான். நம் தோழர்கள் சிலர் பதிலுக்கு டூயியை மறைத்துப் பேசுகிறார்கள். அதுவும் தவறு. அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அதேசமயம் இதையும் கவனியுங்கள். புத்தர், கபீர், ஜோதிராவ் புலே ஆகிய மூவரே தன் குருக்கள் என்று அம்பேத்கர் பிற்காலத்தில் அறிவித்தார். அந்தப் பட்டியலில் டூயி இல்லை. கடிதத்தோடு இது முரண்படுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூவரும் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைச் சொல்கிறார்கள். டூயி அவருக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். நம் மரபில் குரு என்றால் துரோணர் நினைவுக்கு வருகிறார். சொல்லிக்கொடுக்காத பாடத்துக்கு ஏகலைவனின் கட்டைவிரலை வாங்கிக்கொண்டவர். டூயியின் வாக்கியங்களையோ மாணவர் வெட்டினார், ஒட்டினார், வேறு சண்டைக்கு எடுத்துப்போனார். அதற்குப் பிறகும் கடன் கடன்தான் என்று ரோமைத் தாண்டிப் போய் எழுதுகிறார். முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் வந்திருக்கிற நீங்கள் உங்கள் ஆசிரியர்களிடம் இப்படிக் கடன்பட்டால் போதும். காலில் விழ வேண்டியதில்லை.

வகுப்பில் உட்கார்ந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் டூயி எப்படிப் பாடம் நடத்துவார் என்று அம்பேத்கர் சந்தோஷமாக நடித்துக் காட்டுவார் என்று சவிதா அம்மையார் சொல்லியிருக்கிறார். அரசியல் சட்டம் எழுதியவர், கண்டிப்பான முகத்தோடு நாம் சிலையாக நிறுத்தியிருப்பவர், வீட்டில் தன் வாத்தியாரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

‘ஜனநாயகமும் கல்வியும்’ ஏழாம் அத்தியாயத்தைப் படியெடுத்து வைத்திருக்கிறேன். சவ்வூடு பரவல் வருவது அதில்தான். தேநீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள், ஆளுக்கொரு பத்தியாகச் சத்தமாகப் படிப்போம்.