மாலை ஐந்து மணிக்கும் நின்றவர்கள்

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு. நற்செய்தி: மத்தேயு 20:1-16)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு நம்மைச் சந்தைவெளிக்கு அழைத்துச் செல்கிறார். கூலிக்கு ஆள் எடுக்கும் இடம் அது. திராட்சைத் தோட்டத்தின் உரிமையாளர் விடியற்காலையில் வந்து ஆள்களைத் தெரிந்துகொள்கிறார். ஒன்பது மணிக்கு வருகிறார், நண்பகலில் வருகிறார், மூன்று மணிக்கும் வருகிறார். கடைசியாக மாலை ஐந்து மணிக்கு வரும்போதும் சிலர் அங்கேயே நிற்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று மறையுரைகளில் நாமே சொல்லியிருக்கிறோம். இயேசு அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் நாள் முழுவதும் நின்றிருக்கிறார்கள், கைகாட்டி அழைக்க ஒருவரும் இல்லை. அவ்வளவுதான் அவர்கள் குற்றம்.

இந்த ஐந்து மணி ஆள்களை நினைக்கும்போது, அமெரிக்காவில் பணியாற்றும் குருநண்பர் ஒருவர் சொல்லிய விளையாட்டுக் கதை நம் நினைவுக்கு வருகிறது. அதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் தெருவில் ஆடும் கால்பந்து அன்று. அது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை எறிபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஓடிப் போய் அதைப் பிடிப்பவர் ரிசீவர், அதாவது பெற்றுக்கொள்பவர். அந்நாட்டின் தொழில்முறை அணிகள் 32. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் அவை கூடி, கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர்களை ஒவ்வொருவராகத் தெரிவு செய்கின்றன. இதை டிராஃப்ட் என்கிறார்கள். நம் ஊர் ஐ.பி.எல். ஏலம் உங்களுக்குத் தெரியும். அங்கே விலை கூவுகிறார்கள். இங்கே ஏலம் இல்லை, முறை வைத்து அழைக்கிறார்கள். மொத்தம் ஏழு சுற்றுகள். அதிலும் ஒரு விந்தை: முந்தைய ஆண்டில் எந்த அணி மிக மோசமாகத் தோற்றதோ, அதற்குத்தான் முதல் வாய்ப்பு. கடைசியில் இருப்பவரை முதலில் அழைக்கும் வழக்கத்தைப் பணம் புரளும் அந்த உலகமும் ஏதோ ஒரு வகையில் கற்றுக்கொண்டிருக்கிறது!

2006ஆம் ஆண்டு டிராஃப்ட் ஏப்ரல் 29, 30 ஆகிய இரண்டு நாள்கள் நியூயார்க்கில் நடந்தது. அழைக்கப்பட்டோர் 255 பேர். நியூ ஆர்லியன்ஸ் நகரின் அணிக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. அப்படியென்றால் அவர்கள் எவ்வளவு தோற்றிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய பருவத்தின் 16 ஆட்டங்களில் வென்றவை மூன்றே.

அந்த அணியின் பெயர் 'செயின்ட்ஸ்', அதாவது புனிதர்கள். நியூ ஆர்லியன்ஸ் பழைய கத்தோலிக்க நகரம். அந்நகருக்கு ஓர் அணி தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது 1966 நவம்பர் 1 அன்று, அதாவது புனிதர் அனைவர் பெருவிழா நாளில். ஆனால் பெயர்தான் புனிதர்களே தவிர, களத்தில் புதுமை எதுவும் நடக்கவில்லை. 1980இல் 16 ஆட்டங்களில் 15இல் தோற்றார்கள். தங்கள் முகம் தெரியக்கூடாது என்று ரசிகர்கள் காகிதப் பையில் கண்ணுக்குத் துளை போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அரங்கில் உட்கார்ந்தார்கள். 2005 வரையிலான 39 பருவங்களில் இறுதிக்கட்டச் சுற்றில் அவர்கள் வென்ற ஆட்டம் ஒன்றே ஒன்று.

2005 ஆகஸ்டு 29 அன்று கத்ரினா புயல் வந்தது. கரைகள் உடைந்து நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த அணி ஆடும் சூப்பர்டோம் அரங்கில் பல்லாயிரம் பேர் தஞ்சம் புகுந்தனர். அதன் கூரையும் பிய்ந்தது. வீடற்ற மக்களைப் போலவே அணியும் வீடற்றதாகி, சான் அன்டோனியோவிலும் பேட்டன் ரூஜிலும் கடன் வாங்கிய அரங்குகளில் ஆடியது. இனி அந்த அணி நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்புமா என்றே பலர் ஐயுற்றார்கள்.

இந்த நிலையில்தான் இரண்டாவது வாய்ப்பில் ரெஜி புஷ் என்ற புகழ்பெற்ற ஓட்டக்காரரை அவர்கள் எடுத்தார்கள். நகரமே கொண்டாடியது. விடியற்காலையில் எடுக்கப்பட்ட ஆள் அவர். மறுநாள் மாலை, ஏழாம் சுற்றில், 252ஆவது பெயராக இன்னொருவரை எடுத்தார்கள். மார்க்கஸ் கோல்ஸ்டன். அவருக்குப் பிறகு மூன்றே பேர் மிச்சம். கடைசிப் பெயராக அழைக்கப்படுபவருக்கு அமெரிக்காவில் 'பொருட்படுத்தத் தேவையில்லாதவர்' என்று பொருள்படும் கேலிப் பட்டமும் உண்டு. அந்தப் பட்டத்தை மூன்று இடத்தில் தவறவிட்டவர் இவர்.

கோல்ஸ்டன் படித்தது நியூயார்க்கை ஒட்டிய ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில். அதன் அணி கல்லூரி ஆட்டத்தின் முதல் தட்டில் ஆடியதன்று. தோள்பட்டைக் காயத்தால் ஒரு பருவம் முழுவதையும் இழந்திருந்தார். உயரம் ஆறடி நான்கு அங்குலம். ரிசீவருக்கு உடல் கனமாக இருக்கிறது, வேறொரு இடத்தில் ஆடத்தான் பொருந்துவார் என்பது பலரின் கணிப்பு. வீட்டில் இருந்தபடியே கற்பனை அணி அமைத்து விளையாடும் ரசிகர்கள் இலட்சக்கணக்கில் உண்டு அல்லவா? அவர்களுக்கான பட்டியல் சிலவற்றில் அந்த ஆண்டு அவர் பெயர் தவறான ஆட்டக்காரர் வரிசையில் பதிவாகியிருந்தது. எந்த வரிசையில் வைப்பது என்றுகூடத் தெரியாத ஆள்!

ஏழாம் சுற்றில் வருகிறவருக்கு எந்த உறுதியும் கிடையாது. பயிற்சி முகாமின் முடிவில் 53 பெயர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஆகஸ்டு இறுதியில் அணி யாரும் எதிர்பாராத காரியம் செய்தது. 2002இல் முதல் சுற்றில் எடுத்திருந்த டான்டே ஸ்டால்வொர்த் என்ற ரிசீவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய இடத்தில் கோல்ஸ்டனை நிறுத்தினார்கள். ரசிகர்களுக்குப் புரியவில்லை. ஆனால் செப்டம்பரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே அவர் பந்தைப் பிடித்து டச்டவுன் எடுத்தார். அந்தப் பருவத்தில் 14 ஆட்டங்களில் 70 பந்துகள், 1,038 யார்டுகள், எட்டு டச்டவுன்கள். அடுத்த பருவத்தில் 98 பந்துகள். முதல் இரண்டு பருவங்களில் அவ்வளவு பந்துகளை அதற்குமுன் எவரும் பிடித்ததில்லை. அதிகம் பேசாதவர் என்பதால் அவருக்கு 'அமைதிப் புயல்' என்று பெயர் வைத்தார்கள். புயலால் அழிந்த ஊரில் மக்கள் அன்போடு சொன்ன புயல் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவருக்குப் பந்தை எறிந்தவர் ட்ரூ பிரீஸ். அவரும் அதே ஆண்டு வந்தவர், அவரும் தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். இவர் தோள் இனித் தாங்காது என்று அஞ்சி இன்னோர் அணி அவரைத் தவிர்த்திருந்தது. பிரீஸ் அந்த வேலைக்குச் சற்று உயரம் குறைந்தவர். முன்னே நிற்கும் மலை போன்ற ஆட்டக்காரர்களுக்கு மேலாகப் பார்த்து எறிவது அவருக்கு எளிதன்று. அப்படியானால் எப்படி எறிவது? இந்த இடத்தில்தான் அந்த ஆட்டத்தின் உள்ளே ஒரு நுட்பம் இருக்கிறது. நம் நண்பர் அதை ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார்.

ரிசீவர் எந்த வழியில் ஓடி, எத்தனை அடியில் திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே பேசப்பட்டிருக்கும். அவர் திரும்பிய பிறகு எறிந்தால் நேரம் கடந்துவிடும், எதிரணியினர் வந்து மறித்துவிடுவார்கள். ஆகவே அவர் முதுகு காட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரும் இல்லாத வெற்றிடத்தை நோக்கிப் பந்து எறியப்படுகிறது. அவர் திரும்பும் கணத்தில் பந்து அங்கே வந்து சேர வேண்டும். அவர் அங்கே இருப்பார் என்று எறிபவர் நம்ப வேண்டும், பந்து வந்திருக்கும் என்று ஓடுபவர் நம்ப வேண்டும். நடுக்களத்தில் இருபுறமும் ஆள்கள் பாய்ந்து மோதும் ஆபத்தான வழிகளில்தான் கோல்ஸ்டன் மிகுதியும் ஓடினார். பத்து ஆண்டுகள் ஓடினார். அருளைப் பற்றி இறையியல் வகுப்பில் நாம் படித்த பாடங்கள் அந்தக் காகிதக் கோடுகளைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தன என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும். நாம் திரும்பும் முன்பே கிளம்பிவிடுகிற கொடை அது.

2009 டிசம்பரில் ஹோஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகம் செலவைக் காரணம் காட்டித் தன் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து, 2010 பிப்ரவரி 7 அன்று, மயாமியில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் செயின்ட்ஸ் 31-17 என்று வென்றார்கள். அது அவர்களின் முதல் பட்டம். கலைக்கப்பட்ட அணியின் பிள்ளை அன்று ஏழு பந்துகளைப் பிடித்தார். அவர் ஓய்வு பெற்றபோது 711 பந்துகள், 9,759 யார்டுகள், 72 டச்டவுன்கள். அந்த அணியின் வரலாற்றில் எந்த ரிசீவரும் அதுவரை தொடாத எண்கள். ஆனாலும் ஆண்டுதோறும் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் 'ப்ரோ பௌல்' ஆட்டத்துக்கு அவர் ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை. மதிப்பிடுகிறவர்கள் கடைசிவரை மதிப்பிட்டபடியேதான் இருந்தார்கள்.

இறைமக்களே, கதையை இங்கே நிறுத்திவிட்டு, "யாரையும் குறைவாக எடைபோடாதீர்கள், நாளை அவர் பெரிய ஆளாகலாம்" என்று சொல்லி முடித்தால் உங்களுக்கும் மகிழ்ச்சி, நமக்கும் எளிது. ஆனால் இன்றைய நற்செய்தி நம்மை அங்கே நிற்க விடவில்லை.

கோல்ஸ்டனை நாம் ஏன் கொண்டாடுகிறோம்? அவர் நிரூபித்துக் காட்டினார். 252ஆவது ஆள் முதல் ஆளைப் போல ஆடினார். அதே ஏழாம் சுற்றில் அழைக்கப்பட்டு, ஒரு பருவம்கூட நிலைக்காமல் வீடு திரும்பிய இளைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி யாரும் மறையுரை வைப்பதில்லை. உவமைக்குத் திரும்பிப் பாருங்கள். ஐந்து மணிக்கு வந்தவர்கள் எதையும் நிரூபிக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் மற்றவர்களைவிட அதிகம் பறித்தார்கள் என்று இயேசு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முணுமுணுப்பே எழுந்திருக்காது. திறமைக்குக் கூலி என்று காலையில் வந்தவர்களும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வேலையை எடைபோடாமலேயே உரிமையாளர் ஒரு தெனாரியத்தைக் கையில் வைத்தார். அவர்களுக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம்மைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலியில் வாசகர் வரவில்லை. கோவிலின் கடைசிக் கதவருகே எப்போதும் நிற்கும் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொன்னோம். கூலி வேலை செய்பவர். அவர் வந்தார். எழுத்துக்கூட்டி வாசித்தார். இரண்டு இடங்களில் நின்றுவிட்டார், பெயர்களில் தடுமாறினார். பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். வாசித்து முடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போகாமல் வெளியே போய் நின்றார். அன்றுமுதல் வாசகர் பட்டியல் போடும்போதெல்லாம் நம் கை தெளிவாக வாசிக்கும் அதே ஆறு பேரின் பெயர்களைத்தான் எழுதியிருக்கிறது. அவர் நன்றாக வாசித்திருந்தால் அந்தக் கதையை நாம் பெருமையாகப் பத்து மறையுரைகளில் சொல்லியிருப்போம். அவர் வாசிக்கவில்லை, ஆகவே நாமும் மறந்துபோனோம். இந்த உவமையை ஆண்டுக்கணக்கில் விளக்கியவர்கள் நாம்!

அவர் மாலை நேரங்களில் வானொலி கேட்பவர் என்று அவருடைய மகள் சொல்லியிருக்கிறாள். இதையும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறோம். ஐயா, வரும் ஞாயிறு காலைத் திருப்பலியின் இரண்டாம் வாசகத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை வாருங்கள், நாம் இருவரும் சேர்ந்து ஒருமுறை வாசித்துப் பார்ப்போம். தடுமாறினால் தடுமாறட்டும்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை மகன் தூய ஆவியார், உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.