அடித்தவனிடமே அனுப்பி வைப்பதா சமரசம்?



ஜமாஅத் அலுவலக வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நிற்கிறாள். முகத்தில் வீக்கம். நாம் என்ன கேட்கிறோம்? "நீ என்னம்மா பேசினாய், அவன் ஏன் அடித்தான்?" என்கிறோம். "சபுர் செய், பிள்ளைகளின் முகத்தைப் பார்" என்று சொல்லி அடித்தவனோடு திருப்பி அனுப்புகிறோம். இதற்குச் சமரசம் என்று பெயர் வேறு!

நபி (ஸல்) அவர்களின் வழி இதுவா? கணவர் அடித்ததால் காயமடைந்த ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்கள் விடியற்காலையில் நபியவர்களிடம் வந்து முறையிட்டார்கள். நபியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கணவரை அழைத்து, மஹராகக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடச் சொன்னார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பெண் கேட்டு வந்தவர்களில் ஒருவர் கம்பைத் தோளிலிருந்து இறக்காதவர் என்று ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் எச்சரித்ததை முஸ்லிம் நூலில் காணலாம். நாமோ மாப்பிள்ளையின் கைநீளத்தை மறைத்து நிக்காஹ் பேசுகிறோம்!

சிந்தித்துப் பாருங்கள். பிரிந்து வந்த பிறகு அடி நிற்கிறது; துன்பம் நிற்பதில்லை. ரேஷன் கார்டு கணவன் வீட்டில். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அங்கே. நகை அங்கே. 'ஆண் துணை இல்லாதவள்' என்று வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. தாய் அடிபடுவதைப் பார்த்த பிள்ளை இரவில் தூக்கத்தில் அலறுகிறது. பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை. இந்தச் சுமை முழுவதையும் அந்த ஒருத்தி சுமக்கிறாள். பிள்ளையைப் பெற்றவனோ மறுமணத்திற்குப் பெண் பார்க்கிறான். அவனுக்கும் நம் பள்ளிவாசல் தப்தரில்தான் பதிவு!

பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்று அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் கூறுகிறது. துன்புறுத்துவதற்காக மனைவியைப் பிடித்து வைக்காதீர்கள் என்பது 231ஆம் வசனத்தின் கட்டளை. இவற்றை மிம்பரில் ஓதிவிட்டு அலுவலகத்தில் மறந்துவிடுவது நியாயமா?

நாட்டின் சட்டமும் துணை நிற்கிறது. 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் பொருந்தும். குடியிருந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை, பாதுகாப்பு, ஜீவனாம்சம், பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளல் ஆகியவற்றுக்கு மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு கோரலாம். பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். ஹக்கைக் கேட்பது மார்க்கத்திற்கு விரோதமல்ல.

ஜமாஅத் நிர்வாகிகளே! முறையீட்டைக் கேட்கும்போது விவரமறிந்த இரண்டு பெண்களை உடன் அமர்த்துங்கள். அவளுடைய நகையையும் சான்றிதழ்களையும் முதலில் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளின் செலவுக்கு வழி சொல்லாதவனுக்கு அடுத்த நிக்காஹ் தப்தரைத் திறக்காதீர்கள். ரமளானில் ஒரு சேலை கொடுத்து முடித்துவிடாமல், ஜகாத் நிதியிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

வாசலில் நிற்பவள் யாரோ அல்ல, நம் மகள்! அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். நீதியின் பக்கம் நிற்கும் சமுதாயமாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.