ஒளியைக் கணிக்கும் மொழி



அலைநீளத்தளவேயான நுண்ணமைப்பில் ஒளி எவ்வாறு செல்லும் என்பதை, அதனைச் செய்யுமுன்னரே கணிப்பொறியில் கண்டறிகின்றனர் இயற்பியலார். 1865இல் மாக்சுவெல் வெளியிட்ட சமன்பாடுகளே அதற்கு அடிப்படை. 1966இல் கேன் யீ என்பார், வெளியைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் மாறிமாறிக் கணிக்கும் முறையை வகுத்தார். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 8 மடங்கு. நேரப்படிகள் 2 மடங்கு. உழைப்போ 16 மடங்கு!

அவ்வுழைப்பைப் பொறி தாங்கும். ஆனால், அதனிடம் எம்மொழியில் சொல்வது? பொறி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே. இயற்பியலார் எண்ணுவதோ வடிவம், ஒளிவிலகல் எண், அலைநீளம் என்று. இவ்விடைவெளியைத் தூர்க்கவே மேனிலை நிரல்மொழிகள் தோன்றின. சான் பேக்கசு குழுவினர் 1957இல் வெளியிட்ட போர்ட்டிரான் அவற்றுள் முன்னோடி. மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'மீப்' என்னும் ஒளியியல் மென்பொருளில், விரைந்து கணிக்கும் உட்பகுதி சி++ மொழியில் உள்ளது. ஆய்வரோ எளிய பைத்தான் மொழியிலேயே எழுதலாம். இங்கோர் உருளை, அங்கோர் ஒளியூற்று எனச் சில வரிகளில் சொல்லிவிடலாம்.

எண்ணத்திற்கு அணுக்கமான மொழியே அறிவை விரைவுபடுத்தும் என்பது இதனால் விளங்கும். உயிரற்ற பொறியோடு பேசுதற்கே அத்தகைய மொழியை ஆக்கினர் மேலையர். அங்ஙனமாயின், உயிருள்ள தமிழ் மாணாக்கர்க்கு அவர் எண்ணும் மொழியில் ஒளியியலை மறுப்பது முறையாகுமா? வில்லை, குவியம், விலகல், அலைநீளம் எனச் சொற்கள் உள்ளன. அவற்றை வகுப்பறையில் ஆளும் துணிவே வேண்டும். எண்ணம் தமிழில் தெளிந்தால், நிரல் எம்மொழியிலும் பிறக்கும்.

தமிழால் அறிவோம்! தமிழால் உயர்வோம்!