விபத்து என்று பெயர் வைத்தவர் யார்?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அமெரிக்கத் துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் தோழர்கள் சிலர் கேட்டார்கள்: "ரேஷன் கார்டுப் பிரச்சினை தீரவில்லை. குடிசைக்கு மாற்று வீடு வரவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியார் இல்லை. கடல் தாண்டிக் கிடக்கும் துப்பாக்கியைப் பற்றி நமக்கென்ன பேச்சு?"

நியாயமான கேள்விதான். அதற்கு நாங்கள் சொல்லும் பதில் ஒரே ஒரு சொல்லில் அடங்கும். அந்தச் சொல் "விபத்து".

சாரம் சரிந்து கொத்தனார் விழுந்தால் விபத்து. பிரஸ் மெஷினில் விரல் போனால் விபத்து. சாக்கடைக் குழியில் இறங்கியவர் மூச்சு முட்டிச் செத்தால் அதுவும் விபத்து. சாரத்தின் மூங்கில் எத்தனை வருஷத்துப் பழசு? மெஷினின் கைக்காப்பைக் கழற்றி வைக்கச் சொன்னது யார்? இந்தக் கேள்விகளையெல்லாம் அந்த ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. உலகத்தின் மிகப் பெரிய பணக்கார நாட்டிலும் அதே சொல் அதே வேலையைச் செய்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

2013 ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்தின் ஒரு கிராமப்புற வீட்டில், ஐந்து வயதுச் சிறுவன் தன் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். குழந்தை இறந்துபோனது. அவன் கையில் இருந்தது அப்பாவின் துப்பாக்கி அல்ல. அவனுக்கென்றே பரிசாக வந்த சிறு ரைஃபிள். குழந்தைகளின் கைக்கு ஏற்ற அளவில், நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் செய்து, "என் முதல் ரைஃபிள்" என்று விளம்பரம் போட்டு விற்ற சரக்கு. அதில் ஒரு தோட்டா தங்கியிருந்தது வீட்டாருக்குத் தெரியவில்லை. விபத்து என்று அறிவித்தார்கள் அதிகாரிகள்.

2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு தாய், இரண்டு வயது மகனைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கைப்பை. துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை அது. குழந்தை அதற்குள் கையை விட்டது. தாய் அந்த இடத்திலேயே இறந்தார். அவர் போக்கிரி அல்ல. படித்தவர், ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி, லைசென்ஸ் வைத்திருந்தவர். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. உயிர்தான் இல்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கப் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் ஏறத்தாழ 39 கோடி 30 லட்சம் என்று 2018-இல் வெளியான சர்வதேச ஆய்வொன்று மதிப்பிட்டது. 100 பேருக்கு 120 துப்பாக்கி! மனிதரை விடத் துப்பாக்கி அதிகம். 2021-ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. 20,958 பேர் கொலை. விபத்து என்று பதிவானவை 549. ஒரு குழந்தையின் கையால் இன்னொரு குழந்தை இறந்தால், பிறர் கையால் நேர்ந்த மரணம் என்று அதைக் கொலைக் கணக்கில் எழுதும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. ஆகவே உண்மைக் கணக்கு 549-க்கு மேலேதான்.

"549 தானே" என்று சிலர் சொல்லக்கூடும். தாய்மார்களே, பூட்டாத மேசையறையில் குண்டு போட்டு வைத்த துப்பாக்கி ஒன்றுதான். குழந்தை எடுத்தால் விபத்து. மனமுடைந்த இளைஞன் எடுத்தால் தற்கொலை. கோபம் தலைக்கேறிய கணவன் எடுத்தால் கொலை. 2020-ஆம் ஆண்டில், 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி வந்துவிட்டது. மோட்டார் வாகன விபத்தையும் அது தாண்டியது. குண்டு போட்டுப் பூட்டாமல் வைத்த துப்பாக்கி உள்ள வீடுகளில் சுமார் 46 லட்சம் பிள்ளைகள் வளர்வதாக 2015-இல் எடுத்த ஆய்வு சொன்னது.

இதையெல்லாம் தடுக்க வழியே இல்லையா? உண்டு. நெடுநாளாகவே உண்டு. கைப்பிடியை முழுசாக அழுத்தினால்தான் சுடும், குழந்தையின் பலத்துக்குச் சுடாது என்ற அமைப்புள்ள கைத்துப்பாக்கியை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1880-களிலேயே விற்றது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று வெளியிலிருந்தே காட்டும் அடையாளத்தையும் பொருத்த முடியும். ஏனென்றால் மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். குழலுக்குள் ஒரு தோட்டா நிற்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த அடையாளமும், குழந்தை சுட முடியாத விசையும் இருந்தால், விபத்துச் சாவுகளில் 100-க்கு 31 தடுக்கப்படலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 1991-இல் கணக்குக் காட்டியது.

பிறகு ஏன் செய்யவில்லை? இங்கேதான் அரசியல் வருகிறது, தோழர்களே.

நுகர்பொருள்களின் பாதுகாப்பைக் கண்காணிக்க 1972-இல் அமெரிக்காவில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். பொம்மை, தொட்டில், அடுப்பு எல்லாம் அதன் கையில். துப்பாக்கி மட்டும் இல்லை. துப்பாக்கியிலும் தோட்டாவிலும் ஆணையம் கை வைக்கவே கூடாது என்று 1976-இல் சட்டம் திருத்தினார்கள். பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் வேண்டும் என்று 1988-இல் சட்டம் வந்தது. நிஜத் துப்பாக்கிக்கு அப்படி ஒரு பாதுகாப்பு விதி வரவில்லை. பொம்மைக்குச் சட்டம் உண்டு, எமனுக்குச் சட்டம் இல்லை!

1996-இல் அடுத்த கதவை அடைத்தார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பதற்கு நோய்த்தடுப்பு மையத்தின் ஆராய்ச்சிப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் விதித்தது. அதிகாரிகள் பயந்தார்கள், ஆராய்ச்சியே ஏறக்குறைய நின்றது. 2019 கடைசியில்தான் அதற்கு மறுபடி பணம் ஒதுக்கினார்கள். இருபது வருஷத்துக்கு மேல், எண்ணிப் பார்ப்பதே குற்றம் என்பது போல ஆக்கிவைத்தார்கள்.

2000-ஆம் ஆண்டில் அதே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி, பூட்டு முதலிய பாதுகாப்புகளைச் சேர்க்கிறோம் என்று கிளின்டன் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. துப்பாக்கி ஆதரவாளர்கள் அதன் சரக்கைப் புறக்கணித்தார்கள். விற்பனை விழுந்தது; மறு வருஷமே கம்பெனி கை மாறியது. மற்ற கம்பெனிகள் பாடம் கற்றுக்கொண்டன. 2005-இல் வந்த சட்டம், சில விதிவிலக்குகள் போக, துப்பாக்கிக் கம்பெனிகள் மீது பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போடும் வழியையும் அடைத்தது.

இதற்கெல்லாம் பின்னால் நின்றது தேசிய ரைஃபிள் சங்கம். 1871-இல் அதைத் தொடங்கியவர்கள் உள்நாட்டுப் போரில் பங்கெடுத்த முன்னாள் ராணுவ அதிகாரிகள். குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொடுப்பதே அதன் அன்றைய வேலை. 1977-இல் சின்சினாட்டி நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் கடும்போக்காளர்கள் தலைமையைப் பிடித்தார்கள். அதிலிருந்து அது தேர்தலை ஆட்டிவைக்கும் அமைப்பாயிற்று.

அரசியல் சட்டம் தந்த உரிமை என்பார்கள். 1791-இல் சேர்த்த இரண்டாவது திருத்தம் குடிப்படையைப் பற்றியும் மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றியும் பேசுகிறது. 2008-இல் உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கமும் நான்கு பேர் மறுபக்கமுமாக, வீட்டில் கைத்துப்பாக்கி வைப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்தது. வீட்டில் துப்பாக்கியைக் கழற்றியோ பூட்டியோ வைக்கவேண்டும் என்ற வாஷிங்டன் நகரத்தின் விதியும் அதே தீர்ப்பில் அடிபட்டது. அந்த உரிமைக்கு எல்லையே கிடையாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் அந்த உரிமை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா? 1967-இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கியோடு தெருவில் நடந்து போலீசைக் கண்காணித்தார்கள். உடனே, குண்டு போட்ட துப்பாக்கியோடு பொது இடத்தில் நடப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். ரைஃபிள் சங்கமும் அதை ஆதரித்தது. கறுப்பர் கையில் துப்பாக்கி வந்ததும் உரிமைப் பேச்சு எங்கே போயிற்று என்று சிந்தித்துப் பாருங்கள்.

பயம்தான் இந்த வியாபாரத்தின் முதல். தற்காப்பே முக்கியக் காரணம் என்று துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 100-க்கு 72 பேர் 2023-இல் சொன்னார்கள். அந்தப் பயம் யாரைத் தின்கிறது? 1992-இல் லூசியானாவில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன், விருந்துக்குப் போகும் வழியில் வீடு மாறித் தட்டினான். வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். கிரிமினல் வழக்கில் அவர் விடுதலையானார். 2023 ஏப்ரலில் கன்சாஸ் நகரில் தம்பிகளை அழைத்து வரப்போன கறுப்பின மாணவன், தவறான கதவின் மணியை அழுத்தியதற்காகச் சுடப்பட்டான், உயிர் பிழைத்தான். அதே வாரம் நியூயார்க் மாநிலத்தில் வழி தவறி ஒரு வீட்டு வாசலுக்குள் திரும்பிய காரில் இருந்த இளம்பெண் சுடப்பட்டு இறந்தாள். "தெரியாமல் நடந்தது" என்றார் சுட்டவர். அது விபத்தல்ல, கொலை என்று நீதிமன்றம் 2024-இல் சொன்னது.

உழைப்பாளிகளான நமக்கு இன்னொரு சம்பவம் முக்கியம். 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் "ரஸ்ட்" என்ற படத்தின் படப்பிடிப்பு. நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். போலித் தோட்டா இருக்கவேண்டிய இடத்தில் நிஜத் தோட்டா. அதே தளத்தில் சில நாள் முன்பே துப்பாக்கிகள் தவறி வெடித்திருந்தன. பாதுகாப்பு சரியில்லை, தங்குமிடம் சரியில்லை என்று கேமராப் பிரிவுத் தொழிலாளர்கள் பலர் அன்று காலையில்தான் வேலையை விட்டு வெளியேறியிருந்தார்கள். கேட்டார்களா? துப்பாக்கிப் பொறுப்பிலிருந்த இளம்பெண்ணுக்கு 2024-இல் 18 மாதச் சிறை. நடிகர் மீதான வழக்கு, அரசுத் தரப்பு சாட்சியத்தை மறைத்ததால் தள்ளுபடி. தயாரிப்பாளர் நிறுவனத்துக்கு மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை விதித்த 1,36,793 டாலர் அபராதம், பிறகு 1 லட்சமாகப் பேசி முடிந்தது. கீழே இருப்பவருக்குச் சிறை, மேலே இருப்பவருக்கு அபராதம். இந்தக் கணக்கு நமக்குப் புதிதா?

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் துப்பாக்கி விபத்துச் சாவு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000. அது நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. பிள்ளைகள் கைக்கு எட்டும்படி துப்பாக்கி வைத்தால் தண்டனை என்று ஃபுளோரிடா 1989-இல் முதன்முதலாகச் சட்டம் போட்டது. வீட்டில் பூட்டித்தான் வைக்கவேண்டும் என்று மாசசூசெட்ஸ் 1998-இல் சொன்னது. மிச்சிகனில் மகன் பள்ளியில் சுட்டு நான்கு மாணவர்களைக் கொன்றதற்காக, துப்பாக்கியைப் பத்திரப்படுத்தாத பெற்றோர் இருவருக்கும் 2024-இல் சிறைத் தண்டனை கிடைத்தது. இந்தச் சட்டங்களைக் கேட்டுப் போராடியவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் நிறைய. தலைவிதியாக இருந்தால் குறைந்திருக்குமா? குறைகிறதென்றால் தடுக்கக்கூடியது என்றுதானே பொருள்!

நம் குடும்பங்களுக்கு இரண்டு வார்த்தை. படிக்கவும் பிழைக்கவும் அமெரிக்கா போகும் நம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: விலாசத்தைச் சரிபார்க்காமல் ராத்திரியில் அறியாத வீட்டுக் கதவைத் தட்டாதே. தங்கப்போகும் வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேள். அடுத்து, நாம் வாழும் இந்த நாட்டிலும் கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் பெருமை பல இடங்களில் இருக்கிறது. மேலே போன குண்டு கீழே வந்துதான் தீரும். அப்படிச் சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று 2019-இல் நம் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. சினிமாவில் துப்பாக்கி தூக்கும் கதாநாயகனைப் பார்த்துக் கை தட்டும் நம் பையன்களுக்கு இதை எடுத்துச் சொல்லவேண்டியது நம் கடமை.

கடைசியாக ஒன்று. எந்த இடத்தில், யார் "விபத்து" என்று சொன்னாலும் மூன்று கேள்வி கேட்போம். தடுக்கும் வழி முன்பே தெரிந்திருந்ததா? தெரிந்தும் செய்யாமல் விட்டவர் யார்? விட்டதில் லாபம் யாருக்கு? கென்டக்கிச் சிறுமிக்காகவும் கேட்போம். நம் தெருவில் சாரத்திலிருந்து விழுந்தவருக்காகவும் கேட்போம்.