மலிவு விலை பவர் சிப்புகள்

காரின் பிக்கப்பையும் மைலேஜையும் ஒருசேரக் கூட்டுவதாகச் சொல்லி, இணையச் சந்தைகளில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் பவர் சிப்புகளுள் ஒரு வகை, எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரின் கம்பியில் இணைக்கப்படும் ரெசிஸ்டர், அதாவது மின்னோட்டத்தைத் தடுக்கும் எளிய மின்தடை மட்டுமே. அந்த சென்சார், குளிர்ச்சி கூடக்கூட மின்தடையும் கூடும் இயல்புடைய தெர்மிஸ்டர் என்பதால், அதனோடு இன்னொரு தடை சேரும்போது, எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் தீர்மானிக்கும் கணினியாகிய இசியு, காற்று உள்ளதைவிடக் குளிர்ந்தும் அடர்ந்தும் இருப்பதாகக் கணக்கிட்டுப் பெட்ரோலைக் கூட்டுகிறது.

ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று கூடாமல் பெட்ரோலை மட்டும் கூட்டுவதால் ஆற்றல் பெருகிவிடாது. சீரான ஓட்டத்தில், புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் மிகுதியைக் காட்டிக்கொடுக்க, இசியு கூட்டியதைத் தானே குறைத்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது இத்திருத்தம் பெரும்பாலும் நடைபெறாமையால், எரிபொருள் வீணாவதோடு நச்சுப்புகையும் மிகுகிறது. கோடை வெயிலில் இதனினும் பெரிய கேடு உண்டு: காற்று சூடாக இருக்கையில் எஞ்சினைக் காக்கும் பொருட்டுத் தீப்பொறியைச் சற்றுத் தாமதிக்கும் இசியு, பொய்த்தகவலால் அதைச் செய்யத் தவறும்போது, கலவை கட்டுமீறி வெடிக்கும் 'நாக்கிங்' நேர்ந்து பிஸ்டன்கள் பழுதாகக்கூடும்.

மற்றொரு வகை, பழுதறியும் பொருட்டு ஸ்டியரிங்கின் கீழ் அமைந்துள்ளதும், அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமாக்கப்பட்டதுமான ஓபிடி இணைப்பில் செருகப்படுவது. இவற்றுள் சிலவற்றைப் பொறியாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, மின்னும் விளக்குகள் இருந்தனவேயன்றி, காரின் தகவல் வலையோடு தொடர்புகொள்ளும் உறுப்பே இருக்கவில்லை. இது பொதுமக்களை ஏமாற்றும் வணிகமே.

இசியு மென்பொருளைத் திருத்தும் ரீமேப் இதனின்று வேறானது; காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ எஞ்சின்களில் அது மெய்யாகவே ஆற்றலைக் கூட்டும். எனினும் கிளட்சும் கியர்பாக்ஸும் அதிகச் சுமை தாங்க நேர்வதையும், உத்தரவாதம் பறிபோகக்கூடும் என்பதையும் உரிமையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலிவு விலைச் சிப்புகளோ எவ்விலைக்கும் வாங்கத் தக்கவையல்ல. மைலேஜை நாடும் நேயர்கள், கதவோரத்தில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணை குறிக்கும் அளவுக்கு டயர்களில் காற்றழுத்தம் உள்ளதா என்று மாதம் ஒருமுறையேனும் சரிபார்த்துக்கொள்வார்களாக.