விடுமுறை நாளில் போட்ட ரயில் பாதை

பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில் ஃபெஸ்டினியாக் என்றொரு சின்னஞ்சிறு ரயில் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டடிதான் இடைவெளி. கற்பலகை ஏற்றிச் செல்ல 1836-இல் திறந்தது. மூடிக்கிடந்த அதை ஆர்வலர்கள் 1955-இல் மீண்டும் ஓட்டினார்கள். ஆனால் மேற்பகுதித் தடத்தைப் பின்னர் மின்நிலைய நீர்த்தேக்கம் விழுங்கிவிட்டது.

விட்டார்களா? 1965 ஜனவரியில் மாற்றுப் பாதை போட மண்வெட்டியோடு தன்னார்வலர்கள் இறங்கினார்கள். வார விடுமுறைகளில் பாறையை உடைத்தார்கள், மண்ணை அள்ளினார்கள். நீர்மட்டத்துக்கு மேலே பாதை ஏற வேண்டுமே! அதற்காக தியால்ட் என்ற இடத்தில் தண்டவாளத்தை வளைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, பழைய தடத்துக்கு மேலேயே பாலம் கட்டிக் கடக்கவைத்தார்கள். எப்பேர்ப்பட்ட யோசனை! மலையைக் குடையும் வேலைக்கு மட்டும் சுரங்கத் தொழிலாளர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள்.

1982 மே மாதம் ரயில் கடைசி ஊரான ப்ளைனாய் ஃபெஸ்டினியாக்கைத் தொட்டது. பதினேழு ஆண்டு உழைப்பு. இன்றும் அங்கே நீராவி வண்டி ஓடுகிறது. அதில் பணிபுரிவோரில் பலர் சம்பளம் வாங்காதவர்கள்தான்.