காரணம் கேட்பது நம் உரிமை



“நிலத்தை விட்டு இறங்கு”, “வீட்டைக் காலி செய்” என்ற வார்த்தைகளைக் கேளாத உழைப்பாளி குடும்பம் நம்மிடையே குறைவு. ஏன் என்று கேட்டால், “என் சொத்து, என் இஷ்டம்” என்பார்கள். இஷ்டம் வேறு, காரணம் வேறு. அதைப் பற்றித்தான் நாம் இன்று பேசுகிறோம்.

மில் தொழிலாளிக்கு இது புதிதல்ல. ஒருவரைக் குற்றம் சொல்லி வேலைநீக்கம் செய்வதென்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். மானேஜருக்கு முகம் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. குத்தகையிலும் இதே நியாயம்தான். தக்க காரணம் என்றால் அது சட்டத்தில் இருக்க வேண்டும்; வெளியேற்றக் கேட்பவர் அதை அதிகாரி முன் நிரூபிக்க வேண்டும்.

இந்த நியாயம் தானாக வந்துவிடவில்லை. கீழத்தஞ்சையில் குத்தகை விவசாயிகளும் பண்ணையாட்களும் சங்கம் கட்டிப் போராடிய பிறகே, 1952-ல் ராஜாஜி சர்க்கார் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. 1955-ல் சென்னை ராஜ்யத்திற்கே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது இன்றும் அமலில் இருக்கிறது.

அச்சட்டம் சொல்லும் முக்கியக் காரணங்கள் நான்கு: குத்தகை பாக்கி, நிலத்தையோ பயிரையோ பாழாக்குதல், விவசாயமல்லாத காரியத்திற்கு நிலத்தைப் பயன்படுத்துதல், நிலம் உடையவரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல். நிலத்தின் விலை ஏறிவிட்டது, நிலம் கைமாறிவிட்டது, குத்தகைதாரர் சங்கத்தில் சேர்ந்துவிட்டார் என்பவை இந்தப் பட்டியலில் இல்லை. பாக்கி இருந்தாலும் உடனே வெளியேற்றம் இல்லை. இரு தரப்பின் நிலைமையையும் பார்த்து, பாக்கியைக் கட்ட அதிகாரி அவகாசம் தரலாம். அதற்குள் கட்டிவிட்டால் நிலம் நம்மிடமே இருக்கும். மிராசுதார் குத்தகையை வாங்க மறுக்கிறாரா? கோர்ட்டில் கட்டலாம், நெல்லாகத் தர வேண்டியதானால் அதன் விலையைக் கட்டலாம்.

பின் ஏன் ஏழைகள் வெளியேற்றப்படுகிறார்கள்? காரணத்தில் தோற்பதில்லை தோழர்களே, “இவன் குத்தகைதாரனே அல்ல” என்ற ஒரு சொல்லில் தோற்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையும் செல்லும். நாமோ நம் குடும்பத்தாரோ உடலால் உழைத்துச் சாகுபடி செய்கிறோமா என்பதே கேள்வி. ஆனால் ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லையென்றால் எதைக் காட்டுவது? இதற்காகவே 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. அதில் பெயரைப் பதிவு செய்யுங்கள். கோயில், தர்ம ஸ்தாபன நிலங்களுக்கு 1961-ன் தனிச் சட்டம் உண்டு; அவற்றைச் சாகுபடி செய்வோர் அதைப் பார்க்க வேண்டும்.

விவசாயத் தொழிலாளியின் குடிசைக்கும் பாதுகாப்பு உண்டு. 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதற்குத் தடை வந்தது. 1971-ல் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்டவனின் குடிசையைப் பிரித்தெறிந்த காலத்தை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் மில் தொழிலாளி இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வெளியேற்றக் காரணங்கள் இதிலும் உண்டு: 2 மாத வாடகை பாக்கி ஒன்று, உரிமையாளரின் சொந்தத் தேவை இன்னொன்று. ஆனால் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததே இச்சட்டத்தில் ஒரு காரணம்! கிராமத்தில் வாய்ச்சொல் செல்லும். நகரத்தில் எழுத்து இல்லாமை வீட்டையே பறிக்கும். ஆகவே ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வற்புறுத்துங்கள். காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. அதையும் நினைவில் வையுங்கள்.

சட்டம் பூட்டு மாதிரி. சாவி ரசீதிலும் பதிவிலும் இருக்கிறது. தனியாக மனுக் கொடுக்க அஞ்சுகிறவர் சங்கத்தோடு வரட்டும். “வெளியே போ” என்று யார் சொன்னாலும் நாம் சேர்ந்து நின்று முதலில் கேட்போம்: என்ன காரணம்? எந்தச் சட்டத்தில்? யாருடைய உத்தரவு?